உள்ளே வேகிற புல்

என் பெரியண்ணனுடைய இடது கையில், முழங்கைக்குக் கீழே உட்புறமாக, எப்போதும் பூனை பிராண்டியது போலக் கோடுகோடாக இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா என்று கேட்பார்கள். "பூனை இல்லைங்க, புல்லு," என்பார். அதற்குமேல் என்ன கேட்பது என்று அவர்களுக்குத் தெரியாது. விஷயம் இவ்வளவுதான். குதிரைக்குப் போடுகிற காய்ந்த புல்லில் ஒரு பிடி எடுத்து அந்த இடத்தில் அழுத்தித் தேய்ப்பார். கீறினால் புல் முற்றிவிட்டது என்று அர்த்தம். தோல் மெத்தென்றிருக்கிற அந்த இடத்தைக் கீறுவது குதிரையின் வாயையும் கீறும். "அது வாயைத் திறந்து சொல்லவா போகுது? நாமதான் முதல்ல கீறிக்கணும்," என்பார்.

நகரத்தின் ஓரத்தில் இருந்த ஒரு குதிரையேற்றப் பள்ளியில் அவருக்கு வேலை. லாயத்தில் சாணி அள்ளுகிறவராகத்தான் சேர்ந்தார். சேர்ந்த புதிதில் அவர் பார்த்துக்கொண்ட ஒரு சாம்பல் நிறப் பெண்குதிரை, பூஞ்சணம் பிடித்த புல்லைத் தின்று வயிற்றுவலி கண்டது. படுக்கவிடாமல் அதை நடத்திக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தார்கள். அவரும் முற்றத்தில் மேலும் கீழும் நடத்திக்கொண்டே இருந்தார். அது அவருடைய தோளில் தலையைச் சாய்த்தபடியே நடந்து, ஒரு திருப்பத்தில் முன்காலை மடக்கி விழுந்தது, பிறகு எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலே, வருகிற ஒவ்வொரு புல்கட்டிலும் மூக்கை வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவர் வேண்டாம் என்று ஒதுக்கியதை மாட்டுக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். அதற்கும் பிறகு, அவர் இருக்கிற நாளில் அவர் தலையாட்டாமல் எந்த லாரியும் கட்டை இறக்குவதில்லை என்று ஆயிற்று. லாரிக்காரர்கள் வாயிலில் காவலாளியிடம், "மூக்குக்காரர் இருக்காரா, இன்னிக்கு லீவா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வண்டியைத் திருப்புவார்கள். லீவு என்றால் சில பேருக்கு முகம் மலர்ந்துவிடும்.

அவர் புல் பார்ப்பதை நான் பல தடவை நின்று பார்த்திருக்கிறேன். எல்லாரும் வண்டிமேல் ஏறிப் பார்ப்பார்கள். அவர் கொஞ்சம் தள்ளி நின்று முதலில் நிறத்தைப் பார்ப்பார். வெளிப்பக்கம் வெயிலில் வெளுத்திருந்தால் அதற்காக முகம் சுளிக்க மாட்டார். "மேல்சட்டை சாயம் போயிருக்கு, ஆள் நல்லாத்தான் இருப்பான்," என்பார். நடு அடுக்கிலிருந்து ஒரு கட்டை உருவச் சொல்லி, கையில் தூக்கிப் பார்ப்பார். உருவத்துக்கு மீறிக் கனத்தால் உள்ளே ஈரம். கயிற்றை அறுத்து, பாளம் பாளமாகப் பிரித்து, இரண்டு பாளத்தை ஒன்றோடொன்று தட்டுவார். பறக்கிற தூசி மண் நிறமாக இருந்தால் உதறிப் போடலாம். வெள்ளையாக இருந்தால் அது பூஞ்சணம். குதிரை ஆயுசுக்கும் இருமும். தண்டு எவ்வளவு, இலை எவ்வளவு, கதிர் விட்ட பிறகு அறுத்ததா, முன்னாலேயே அறுத்ததா, நடுவில் ஏதாவது களைச்செடி சிக்கியிருக்கிறதா, எலியோ பாம்போ செத்துக் கட்டோடு கட்டாக வந்திருக்கிறதா என்று விரலால் அளைவார். கடைசியாகத்தான் மூக்கு. முகத்தைப் புல்லுக்குள் புதைத்துக்கொண்டு அசையாமல் நிற்பார். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ தலையணையில் முகம் புதைத்து அழுவது போல இருக்கும்.

எங்கள் வீட்டில் பிள்ளைகள் மூன்று பேர், நான் கடைசித் தங்கை. பெரியண்ணனை மரியாதையாகவும் சின்னண்ணனை அவன் இவன் என்றும் பேசித்தான் எனக்குப் பழக்கம். எழுதும்போதும் அது மாறவில்லை. சின்னண்ணன் எதைத் தொட்டாலும் பாதியில் விடுகிறவன். கொஞ்ச நாள் வண்டி ஓட்டினான், கொஞ்ச நாள் மரக்கடையில் இருந்தான், யாரோ கூப்பிட்டார்கள் என்று பெயின்ட் அடிக்கப் போனான். சிரித்த முகம். அவன் இருக்கிற இடத்தில் யாருக்கும் பசி தெரியாது, வேலையும் நடக்காது. அவனுக்குக் கல்யாணமான பிறகு பெரியண்ணன்தான் ஒரு நாள் உட்காரவைத்துச் சொன்னார்.

"வாய்க்கால் ஓரத்துல அந்த நிலம் குத்தகைக்கு வருதாம். புல்லு போடு. குதிரைமசால் போடு. நான் வாங்கிக்கறேன்னு சொல்லல. நல்லா இருந்தா எவனும் வாங்குவான்."

"நல்லா இல்லன்னா?"

"நானும் வாங்க மாட்டேன்."

"இப்பவே சொல்லிட்டாரு பாரு, ஜட்ஜு," என்று சின்னண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

எங்கள் எல்லாருக்கும் ஆச்சரியம், அவன் அதில் நின்றுவிட்டான். சின்னண்ணிக்கு மண்ணில் கை வைக்கத் தெரியும். அவள் இருந்ததால்தான் நின்றான் என்று நான் நினைப்பேன். அறுப்பு நாட்களில் இருவரும் வெயிலில் புல்லைப் புரட்டிப் புரட்டிக் காயவைப்பார்கள். வீட்டை ஒட்டித் தகரம் போட்டு ஒரு கொட்டகை கட்டினார்கள். சமையலறைச் சுவரும் கொட்டகைச் சுவரும் ஒன்றுதான். சின்னண்ணி தாளிக்கும்போது கொட்டகையில் இருப்பவனுக்குத் தும்மல் வரும். பழைய லாரி ஒன்று வாங்கினான். அதில் புல்லை ஏற்றிக்கொண்டு அண்ணன் வேலை செய்கிற லாயத்துக்கே வருவான்.

பெரியண்ணன் அவன் வண்டியை எப்போதும் கடைசியாகத்தான் பார்ப்பார். மற்றவர்கள் வண்டியில் ஒரு கட்டைப் பிரித்தால் அவன் வண்டியில் நிறையக் கட்டுகளைப் பிரிப்பார். தம்பி என்பதால் விட்டுவிட்டார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சின்னண்ணன் லாரியின் படியில் உட்கார்ந்துகொண்டு மற்ற லாரிக்காரர்களிடம், "எனக்குப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இவர் இவ்வளவு நேரம் பாக்கல. பாத்திருந்தா அந்தப் பொண்ணு தப்பிச்சிருக்கும்," என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். பெரியண்ணன் மட்டும் சிரிக்காமல் கட்டைப் பிரித்துக்கொண்டிருப்பார். ஆனால் அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தால், அந்த ஜோக்கை எனக்குச் சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்.

அந்த வருஷம் மழை காலம் தப்பி வந்தது. அறுத்த புல் வயலில் கிடக்கிறது, மழை. புரட்டிப் போட்டுக் காய்கிற சமயம், மறுபடி மழை. வயலிலேயே பாதி கறுத்துப்போயிற்று. ஒரு நாள் காலையில் வெயில் அடித்தது, மத்தியானம் வடக்கே இருட்டிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு வெயில் வேண்டும் என்று சின்னண்ணி சொன்னாள். இதையும் விட்டால் ஒன்றும் மிஞ்சாது என்று சின்னண்ணன் கட்டிவிட்டான். அவன் நினைத்ததும் தப்பு என்று சொல்ல முடியாது. அன்று சாயங்காலம் மழை பெய்யத்தான் செய்தது.

அடுத்த இரண்டொரு நாளில் லாரி நிறைய ஏற்றிக்கொண்டு லாயத்துக்குப் போனான். அன்று அங்கே நடந்ததை எனக்குப் பல பேர் சொல்லியிருக்கிறார்கள். எல்லாருமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

மழையால் எங்கேயும் புல் கிடைக்காத நேரம். கொட்டகை காலியாகிக்கொண்டிருந்தது. மேனேஜரே வாயிலுக்கு வந்து நின்றிருந்தார். நல்ல மனிதர், குதிரை பட்டினி கிடக்குமே என்ற கவலை அவருக்கு. வரிசையில் வேறு லாரிகளும் நின்றன. சின்னண்ணன் இறங்கி வந்து, ஒரு கட்டிலிருந்து ஒரு பிடியை உருவி அண்ணன் மூக்குக்கு நேராக நீட்டினான்.

"மணத்தைப் பாரு அண்ணா. பாகு காய்ச்சின மாதிரி இருக்கு. இப்படி ஒரு மணம் என் புல்லுல வந்ததே இல்ல."

பெரியண்ணன் அதை மோந்து பார்த்தார்.  நீளமான இரும்புக் கம்பி ஒன்று வைத்திருப்பார். அதைக் கொண்டுவந்து நடுக் கட்டுக்குள் ஆழமாகச் செருகினார். செருகிவிட்டு இன்னொரு லாரியைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து கம்பியை உருவி உள்ளங்கையில் பிடித்தவர், உடனே கையை மாற்றிக்கொண்டார்.

"இது மணம் இல்லடா. புல்லு உள்ள வேகுது. ஈரத்தோட கட்டிட்ட."

"லேசாத்தான் இருந்துச்சு. ஆறிடும்."

"லேசா இல்ல. தொட்டுப் பாரு."

மேனேஜர் குறுக்கே வந்தார். "தம்பிதானே? பழசோட கலந்து கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுடலாம். நமக்கும் வேற வழி இல்ல."

"மாடா இருந்தா சமாளிச்சுக்கும் சார். குதிரைக்கு வாந்தி எடுக்கவே வராது. உள்ள போனது போனதுதான்," என்றார் பெரியண்ணன். பிறகு சின்னண்ணன் பக்கம் திரும்பி, "இதை வீட்டுல கொண்டுபோய் அடுக்காத. எங்கயாவது திறந்த இடமாப் பாத்து ஒவ்வொரு கட்டாப் பிரிச்சுப் போட்டுடு. அடுக்கினா உள்சூடு ஏறித் தானாப் பத்திக்கும்," என்றார்.

வரிசையில் நின்ற ஒரு டிரைவர் சிரித்துவிட்டார். "நனைஞ்ச புல்லு பத்திக்குமாம். நாங்க காஞ்சதுக்கே ரெண்டு தீக்குச்சி கிழிக்கறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். எப்போதும் தானே முன்னால் நின்று சிரிப்பு மூட்டுகிறவன் சின்னண்ணன். அன்று அவன் சிரிக்கவில்லை. அவன் முகம் சிறுத்துப்போனது என்று காவலாளி சொன்னார்.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. ஊரைக் கூட்டி எனக்குப் பாடம் எடுக்காத," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறி, பின்பக்கமாகவே வெளியே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

திறந்த இடத்துக்கு அவன் எங்கே போவான். மேகம் கலையவே இல்லை. கட்டுகளை வீட்டுக் கொட்டகையில் கூரை முட்ட அடுக்கினான். மாட்டுப்பண்ணைக்காரர்களிடம் சொல்லிவைத்திருந்தான், அவர்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்றிருந்தார்கள்.

பெரியண்ணன் போன் செய்தார். அவன் எடுக்கவில்லை. எனக்குப் போன் செய்து, "நீ சொன்னாக் கேப்பான், நீ சொல்லு," என்றார். நான் பேசினேன். "அவர் மூக்கை அவர் லாயத்தோட வச்சுக்கச் சொல்லு," என்றான் சின்னண்ணன். சின்னண்ணியிடமும் சொன்னேன். "நானும் சொல்லிப் பாத்துட்டேன். ரெண்டு நாள் போகட்டும், கோபம் தணியட்டும்," என்றாள். எங்கள் வீட்டில் யாருடைய கோபமும் ஒரு வாரத்துக்கு மேல் நின்றதில்லை. அதனால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

லீவு நாளில் பெரியண்ணன் நேரிலேயே போனார். கையில் அந்த இரும்புக் கம்பி. அவன் வீட்டுக்கு முன்னால் இரும்புக் கதவு போட்ட சின்ன வாயில், பிறகு முற்றம், முற்றத்துக்கு வலப்பக்கம் கொட்டகை. கதவு உள்ளே பூட்டியிருந்தது. சத்தம் கேட்டுச் சின்னண்ணன் வந்து, கதவுக்கு அந்தப் பக்கமே நின்றான்.

"ஒரே ஒரு தடவை செருகிப் பாத்துட்டுப் போயிடறேன்டா."

"நானே கையை விட்டுப் பாத்துட்டேன். ஆறிப்போச்சு. முதல்ல இருந்த சூட்டுல பாதிகூட இல்ல."

"ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சுன்னு சொல்றேன் இல்ல. என் வீட்டு வாசல்லயும் வந்து என் புல்லைக் குறை சொல்லணுமா? போ அண்ணா."

பெரியண்ணன் கொஞ்ச நேரம் தெருவில் நின்றார். பிறகு கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். "ஆறிடுச்சாம்," என்றார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் ஒரு தடவை, "ஆறிடுச்சுன்னு சொல்றான்," என்றார். "அப்புறம் என்ன, விடுங்க," என்றேன்.

அதற்குப் பிறகு வெயில் நன்றாக அடித்தது. ஊரே துணி காயப்போட்டது. எல்லாரும் மழையை மறந்துவிட்ட ஒரு மத்தியானம், கொட்டகைத் தகரத்துக்கு அடியிலிருந்து வெள்ளையாகப் புகை வந்திருக்கிறது. சின்னண்ணி சமையலறையில் இருந்தாள். சுவரில் கை வைத்தவள், சுடுகிறது என்று கூப்பிட்டாள். சின்னண்ணன் ஓடிவந்து, அவளை வெளியே தள்ளிவிட்டு, கொட்டகைக்குள் போய்க் கட்டுகளை இழுக்க ஆரம்பித்தான். இழுத்துப் போட்டால் மிச்சத்தையாவது காப்பாற்றிவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். வெளியே எடுத்த கட்டு புகைந்ததே தவிர எரியவில்லை. அதனால் அவனுக்குத் தைரியம் வந்து இன்னும் உள்ளே போயிருக்கிறான். நடுவில் இருந்த கட்டை உருவியதும் காற்று உள்ளே போய்விட்டது. அதுவரை கனன்றுகொண்டிருந்தது அப்படியே பிடித்துக்கொண்டது. தகரம் அவன்மேல் சரிந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது தெரு முழுக்க ஆட்கள். குடமும் வாளியுமாக நின்றிருந்தார்கள். தீயணைப்பு வண்டிக்காரர்கள் நீண்ட கொக்கியால் கட்டுகளைக் கிளறிக் கிளறித் தண்ணீர் அடித்தார்கள். அடித்த இடத்தில் அணையும், பக்கத்தில் புகையும். காற்றில் பாகு காய்ச்சிய வாடையும் கருகிய வாடையும் கலந்து வந்தது. பெரியண்ணன் லாயத்து உடுப்போடு வந்து இறங்கினார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சின்னண்ணனை ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவு போட்ட வார்டு. உள்ளே ஒருவர் மட்டும், அதுவும் பச்சை அங்கி மாட்டிக்கொண்டு போகலாம். முதல் இரண்டு நாள் அவனுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. பிறகு கொஞ்சம் பேசினான். சின்னண்ணி போய் வந்தாள், நான் போய் வந்தேன். "கட்டில் நீளம் பத்தல, கால் வெளிய நிக்குது பாரு," என்று என்னிடம் சொன்னான். பெரியண்ணன் உள்ளே போகப் பயந்தார். வராந்தாவில் வரிசையாகப் பிணைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் கடைசியில் உட்கார்ந்திருந்தார். நான்தான் எழுப்பி அனுப்பினேன். என்னென்னவோ சொல்லவேண்டும் என்று போயிருக்கிறார். அவர் வாயைத் திறப்பதற்குள் சின்னண்ணன் பேசியிருக்கிறான்.

"அண்ணா, லாரி பின்டயர் ஒண்ணு மழமழன்னு ஆயிடுச்சு. அவளுக்கு அதெல்லாம் தெரியாது. நீ மாத்திடு."

"மாத்திடறேன்டா."

"நல்ல கடையாப் பாத்து."

"சரிடா."

அவ்வளவுதான். புல்லைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் பெரியண்ணன் டயர் மாற்றப் போயிருந்தபோது சின்னண்ணன் போய்விட்டான். அவர் திரும்பி வந்து லாரியைத் தம்பி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுச் சாவியோடு நின்றுகொண்டிருந்தார். யாரிடம் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, சின்னண்ணன் வீட்டு முன்னறையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். பெரியண்ணன், பெரியண்ணி, சின்னண்ணி, நான். சமையலறைச் சுவர் விரிசல் விட்டுக் கறுத்திருந்தது. கணவனின் அண்ணனைச் சின்னண்ணி மாமா என்றுதான் கூப்பிடுவாள். அதுவரை அழுதுகொண்டிருந்தவள் அப்போது அழவில்லை.

"நீங்க திருப்பி அனுப்பினதுக்கு நான் ஒண்ணும் சொல்லல மாமா. அது உங்க வேலை. குதிரைக்கு ஆகாதுன்னா ஆகாதுதான்."

பெரியண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்ச மனுஷன் வாசல் வரைக்கும் வந்துட்டு ஏன் திரும்பிப் போனீங்க? அவர் திறக்கலன்னா ஏறிக் குதிச்சிருக்கலாமே. பூட்டை உடைச்சிருக்கலாமே. ரெண்டு அடி அடிச்சிருந்தா வாங்கிக்கிட்டிருப்பார். அண்ணன்தானே."

"ஆறிடுச்சுன்னு சொன்னான்மா."

"அது ஒரு தடவை ஆறுமாம், அப்புறம் மறுபடியும் ஏறுமாம். தீயணைப்புக்காரர் சொன்னார். உங்களுக்குத் தெரியாதா?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"தெரியும்," என்றார்.

 பெரியண்ணி அவர் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த ஒரு வார்த்தையை அவர் எப்படி வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். மறந்துபோச்சு என்று சொல்லியிருக்கலாம். பின்னால் ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "முதல் சூடு தணியும், அப்புறம்தான் பெரிய சூடு வரும்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா அவன் ஆறிடுச்சுன்னு சொன்னதும் நம்பணும்போல இருந்துச்சு. நம்பினா சண்டை வேண்டாம். எதுலயும் மூக்கை விட்டுப் பாத்துத்தான் நம்புவேன். அதை மட்டும் பாக்காம நம்பிட்டேன்."

வேலைக்குத் திரும்பிய நாளில் மேனேஜர் தட்டிக்கொடுத்து, "நீங்க அன்னிக்குச் சொன்னது அப்படியே நடந்துடுச்சு. உங்க பேச்சைக் கேக்காமப் போயிட்டாரு," என்றாராம். ஆறுதலுக்குத்தான் சொன்னார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். வரிசையில் அன்று சிரித்த டிரைவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னது சரி," என்று அழுதார். பெரியண்ணன் ஒவ்வொருவரிடமிருந்தும் கையை விடுவித்துக்கொண்டு லாயத்தின் கடைசித் தடுப்புக்குப் போய்விடுவார். சொன்னது சரியாகிவிட்டது என்று கேட்பதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. வீட்டில் பெரியண்ணி எதற்காவது சர்க்கரைப் பாகு காய்ச்சினால், செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு இறங்கிவிடுவார். நாளாவட்டத்தில் அவள் பாகு காய்ச்சுவதையே விட்டுவிட்டாள்.

வேலையை அவர் விடவில்லை. விடுவார் என்று நான் நினைத்தேன். ஆனால் வேலை பார்க்கிற விதம் மாறிவிட்டது. முன்பெல்லாம் ஈரக் கட்டு வந்தால், வேண்டாம் என்று கையை அசைப்பார், வண்டி திரும்பிப்போகும். இப்போது திரும்பிப்போக விடமாட்டார். சவாரி மைதானத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த திடலில் இறக்கச் சொல்லி, தானே ஒவ்வொரு கட்டாகக் கயிறு அறுத்து விரித்துப் போடுவார். காய்ந்த பிறகு அவரவர் வந்து எடுத்துக்கொண்டு போகவேண்டும். இது லாயத்தின் வேலை இல்லை என்று மேனேஜர் முணுமுணுத்தார். "என் வேலை முடிஞ்சப்புறம்தான் சார் செய்யறேன்," என்றார். லாரிக்காரர்களுக்கும் எரிச்சல். "வாங்கலன்னா விடுங்க, எதுக்கு எங்களைப் பிடிச்சு வைக்கறீங்க?" என்று ஒருவர் சத்தம் போட்டார். பெரியண்ணன் அந்த லாரியின் முன்சக்கரத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். கட்டுகளை இறக்கும் வரை எழுந்திருக்கவில்லை. இவர் எழுந்திருக்கிற வழியைக் காணோம் என்று கடைசியில் அவர்களே இறக்கினார்கள். அப்படி அவர் விரித்துப்போட்ட கட்டுகளில் எது தீப்பிடித்திருக்கும், எது சும்மா மக்கிப்போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

சின்னண்ணி நிலத்தை விடவில்லை. கொட்டகை இருந்த இடத்தைக் காலியாகவே வைத்திருந்தாள். அறுத்ததை வயலிலேயே காயவைத்து, வயலிலேயே மாட்டுப்பண்ணைக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவாள். லாயத்துக்கு ஒரு கட்டுகூட அனுப்பவில்லை. பெரியண்ணனோடு பேச்சும் இல்லை. என் வீட்டுக்கு அவர் வருகிற நாளில் அவள் வரமாட்டாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி மாதிரி இருந்தேன். ஆனால் கொண்டுபோக இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை.

ஆனால் ஒவ்வொரு அறுப்புக்கும் பெரியண்ணன் அங்கே போவார் என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. வாய்க்கால் கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு, வயலில் புல் காய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். உள்ளே இறங்க மாட்டார். சின்னண்ணியும் பார்க்காதது போல வேலை செய்வாள். இப்படிப் பல அறுப்பு போயிற்று.

ஒரு தடவை, புல் விரித்துக் கிடக்கிறபோது மேகம் திரண்டுகொண்டு வந்தது. வேலைக்கு வருகிற பெண்கள் அன்று வரவில்லை. சின்னண்ணி தனியாக அள்ளிக் குவித்துக்கொண்டிருந்தாள். பெரியண்ணன் செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு இறங்கினார். கிடந்த இன்னொரு புல்வாரியை எடுத்து, மறுகோடியிலிருந்து வாரத் தொடங்கினார். அவள் பார்த்துவிட்டுத் தன் பக்கத்தை வாரிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் வாரிக்கொண்டே நடுவுக்கு வந்தபோது அவள் சொன்னாள்:

"அந்த வரப்பு ஓரம் இன்னும் ஈரமா இருக்கு. அதைச் சேக்காதீங்க."

"சரிம்மா," என்று அதை அப்படியே விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து அறுப்புக்கெல்லாம் அவர் இறங்கி வேலை செய்தார். வேலைக்காரப் பெண்களோடு சேர்த்து அவருக்கும் அவள் சாப்பாடு வைப்பாள். ஒரு நாள் நான் கேட்டேன், "அண்ணி உங்களை மன்னிச்சுட்டாங்களா?" என்று.

"அதை நான் கேக்கல, அவளும் சொல்லல. புல்லு காஞ்சுதா, காயலையான்னு பேசிக்கறோம்," என்றார்.

போன வருஷம், வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர், நெஞ்சு வலிக்கிறது என்று கட்டிலில் உட்கார்ந்தார். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. லாயத்திலிருந்து எல்லாரும் வந்தார்கள். லாரிக்காரர்கள் வந்தார்கள்.

சின்னண்ணி வந்து பெரியண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்த மறுநாள், பின்கட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னாள்:

"அன்னிக்கு நான் கேட்டது தப்புன்னு இப்பவும் தோணல. அவர் ஏறிக் குதிச்சிருக்கணும். ஆனா அதைக் கூடவே சுமந்துக்கிட்டு வந்து என் வயல்ல இறங்கி இறங்கி வேலை செஞ்சாரு. போதும் மாமா, கீழ வைங்கன்னு சொல்லணும்னு ஒவ்வொரு அறுப்புக்கும் நினைப்பேன். சாப்பாடு போடும்போது சொல்லிடலாம்னு இருப்பேன். வாய் வரல."

நான் அவள் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக் கழுவி வைத்தேன். அவளுடைய வயலில் அறுத்த புல் விரித்தபடியே கிடந்தது. பார்க்க ஆள் இல்லை. வெயில் நன்றாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு, பெரியண்ணியிடம் சொல்லிக்கொண்டு, மத்தியான பஸ்ஸுக்கு அவள் கிளம்பிப் போனாள்.